தரையிலிருந்து எழச் சொல்லிக்கொடுத்தவர்

கிள்ளானிலிருந்து அழைப்பு வந்தபோது நாங்கள் பசியாறிக்கொண்டிருந்தோம். "அங்கிள், அம்மா தவறிட்டாங்க," என்றார் சாரதா மிஸியின் மகன். எப்போது, எங்கே, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டேன். ஆறுதலாக ஒரு சொல்லாவது சொன்னேனா என்பது நினைவில்லை. எதிரே என் மனைவி ராஜம் தோசையைப் பிய்த்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் அவரிடம் பயிற்சி பெற்று, இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கும் உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மருத்துவமனையில் ஃபிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், வயதான பெண்களுக்கு எடை தூக்கவும் ரப்பர் பட்டையை இழுக்கவும் கற்றுக்கொடுத்தார். தாதியரை அழைப்பதுபோல அவரையும் எல்லாரும் மிஸி என்றே அழைத்தார்கள். நான் மனைவியை அழைத்து வந்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியன், அவ்வளவுதான். அவரைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டா என்ற ஐயம் இதை எழுதும்போதும் இருக்கிறது.

ராஜம் பயிற்சிக்குப் போனதற்கு ஒரே காரணம் இழவு வீடு. அங்கே பெண்கள் உடலைச் சுற்றித் தரையில்தான் உட்கார வேண்டும். ஒருமுறை உட்கார்ந்தவளால் எழ முடியாமல், இரண்டு பெண்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். அதன்பின் சாவுக்குப் போவதையே அவள் விட்டுவிட்டாள். "மாரத்தான் எல்லாம் வேணாம் மிஸி. கீழ உக்காந்தா நானே எந்திரிக்கணும், அவ்ளோதான்," என்றாள் முதல்நாள். மிஸி சிரிக்கவில்லை. "அவ்ளோதான்னு சொல்லாதீங்க அக்கா. அதுதான் பெரிய வேலை," என்று ஒரு மணல் மூட்டையை அவள் கையில் கொடுத்தார்.

பயிற்சியோடு ஆளுக்கொரு புரோட்டீன் மாவு டின்னும் கொடுத்திருந்தார். வாரங்கள் கடந்தும் யாருக்கும் கால் உறுதிப்படவில்லை. ஒருநாள் பயிற்சியை நிறுத்திவிட்டு, "மாவ யாரு குடிச்சா, உண்மையச் சொல்லுங்க," என்றார்.

"பேரன் ஃபுட்பால் ஆடுறான் மிஸி..." என்று ஒரு குரல் இழுத்தது.

"அவன் ஆடட்டும். விழப்போறது நீங்கதானே?"

"எங்க வீட்டுக்காரரு, தெம்பா இருக்குங்கறாரு மிஸி."

"அப்ப மூட்டையையும் அவரையே வந்து தூக்கச் சொல்லுங்க லா!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் குனிந்துகொண்டேன். சில வாரங்களாக ராஜம் எனக்குக் காலையில் கலந்து கொடுத்துவந்த பானம் எதுவென்று அப்போதுதான் புரிந்தது. அன்றிலிருந்து டின்கள் மண்டபத்தைவிட்டு வெளியே போகவில்லை. பயிற்சி முடிந்ததும் அங்கேயே, அவர் கண்ணெதிரே குடிக்க வேண்டும். மாமிசம் உண்ணாத புரட்டாசியில், சோயாவில் செய்த தெம்பேயும் தவுவும் வந்தன. "தூக்கச் சொல்லிட்டுச் சாப்பாடு போடலன்னா உடம்பு தன்னையே தின்னும்," என்பார்.

இவ்வளவு புரதம் சிறுநீரகத்துக்கு ஆகுமா என்று எனக்குள் ஓர் அச்சம் இருந்தது. கேட்கத் தயங்கிப் பல நாள் கழித்துக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஏற்கனவே கிட்னி கெட்டவங்களுக்கு ஆகாது சார். அதனாலதான் முதல்ல டாக்டரப் பாருங்கன்னு விரட்டுறேன்," என்றார். அப்படித் திரும்பி வந்த ஒருவருக்கு, டாக்டர் சொன்னதற்கு மேல் ஒரு கரண்டிகூட அவர் கொடுத்ததில்லை.

பிறகு அவருக்கே உணவுக்குழாயில் புற்று வந்தது. மண்டபம் மூடப்பட்டது; டின்களோடு பயிற்சியும் அவரவர் வீட்டுக்குப் போனது. எல்லாரையும் சாப்பிடச் சொல்லி விரட்டியவரால் கஞ்சியை விழுங்க முடியவில்லை. கிள்ளான் வீட்டுக்குப் போனபோது, போர்வைக்குள் கால்கள் இருப்பதே தெரியவில்லை. ராஜம் அழுதுவிட்டாள். "இவ்ளோ செஞ்சீங்களே மிஸி, என்ன பிரயோஜனம்?"

"சாகாம இருக்கவா அக்கா செஞ்சோம்? போன வாரம் வரைக்கும் நானே எந்திரிச்சு பாத்ரூம் போனேன்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "போதல. ஆனா அது கெடச்சிச்சு."

அதற்குப் பின்னான நாட்களில் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கித்தான் இறக்கினார்கள். தூக்கும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்வாராம். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் பூசி மெழுகுவது அவருக்குப் பிடிக்காது.

அன்று வீடு திரும்பிய ராஜம் பயிற்சியை நிறுத்திவிட்டாள். "மிஸிக்கே இப்படி ஆச்சு," என்றாள். வற்புறுத்தத் தெரியாதவன் நான்.

இறுதிச் சடங்கில் மகன் நாற்காலி கொண்டுவந்து போட்டார். ராஜம் கேளாமல் தரையில் உட்கார்ந்தாள். பெட்டியை எடுக்கும் நேரம் வந்தது. மண்டபத்துப் பெண்கள், வீட்டில் பயிற்சியை விடாமல் செய்தவர்கள், ஒருவர்பின் ஒருவராக முட்டி போட்டு, ஒரு காலை முன்னால் ஊன்றி, தொடையில் கை வைத்து எழுந்தார்கள். யாரும் யாரையும் தூக்கவில்லை. ராஜத்தால் முடியவில்லை. ஓடிப்போய்க் கை நீட்டினேன். "விடுங்க," என்றாள். மறுபடி முயன்றாள். சவ ஊர்வலத்தில் பெண்கள் வாசல் கேட்டோடு நின்றுவிடுவது அந்த வீட்டு வழக்கம். அந்தக் கேட்டுவரைக்கும்கூட அவள் போய்ச் சேரவில்லை. நாங்கள் அவளைத் தூக்கி நிறுத்தியபோது வண்டி தெருமுனையில் திரும்பிவிட்டிருந்தது.

மறுநாள் காலை எங்கள் வீட்டில், உட்கார்ந்து எழும் பயிற்சிக்காக நாற்காலியைத் தானே சுவரோடு தள்ளிப் போட்டாள். டின்னைத் திறந்து தனக்கு மட்டும் கலந்துகொண்டாள்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒன்றுதான். எழ முயலும் எவருக்கும் மிஸி கை கொடுத்ததில்லை. விழுந்தால் பிடிக்கும் தூரத்தில், இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நிற்பார். "நான் தூக்குனா எனக்குத்தான் பலம் வரும்," என்பார். இப்போது நான் அப்படி நிற்கப் பழகுகிறேன். பதறுகிற சுபாவம் உள்ளவனுக்கு இது எளிதல்ல. நேற்று ராஜம் தரையிலிருந்து பாதி எழுந்து, தொடை நடுங்கி, மறுபடி உட்கார்ந்துவிட்டாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கை நீட்டவில்லை.