அக்கா கழற்றாத செருப்பு

எங்கள் அக்கா கண்மூடிப் பதினாறு நாளாகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப்பேர், "பாவம், கொஞ்சம் அடங்கி இருந்திருந்தா நல்லா வாழ்ந்திருப்பாங்க" என்றார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

அக்கா ஆற்காட்டில் பிறந்தவர். சிறு வயதிலேயே ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு, இருபதில் கணவரை இழந்தார். தாயில்லாத தங்கை என்னைத் தம்மிடம் அழைத்துக்கொண்டு, தோல் பதனிடும் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார். சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடித்துப் புண்ணாயிற்று. கழிவுத் தோலை வெட்டித் தாமே ஒரு ஜோடி செருப்பு தைத்துக்கொண்டார்.

ஷாப்புக்குள் பெண்கள் செருப்பு போடலாம். தெருவில் பஞ்சாயத்து மேடை வந்தால் கழற்றி, முந்தானையில் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடக்க வேண்டும். ஆண்களுக்கு இந்தச் சட்டம் இல்லை. ஒருநாள் அக்கா கழற்றவில்லை.

"இன்னாம்மா, காலுக்கு ராஜ்ஜியம் வந்துட்சா?" என்றார் நாட்டாண்மை.

"புண்ணு வந்துகீது மாமா. ராஜ்ஜியம் வந்தா சொல்லி அனுப்பறேன். தோல ஊறப்போட்டு, மயிரு சுரண்டித் தர்றது நாங்க. போட்டுக்கினா மட்டும் குத்தமா?"

செருப்பைத் தலையில் சுமந்து தெருவைச் சுற்றிவர வேண்டும், அதுவரை எங்கள் வீட்டு நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஊர் வராது என்று தீர்ப்பாயிற்று. அடுத்த வாரம் எனக்கு நிச்சயம். ஊர் வராத வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று திருப்பத்தூர் மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள்.

"உனக்காகன்னா சொமக்கறேன்டி. மறைக்காம சொல்லு" என்றார் அக்கா.

எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள், "நீ செருப்ப சொமந்தப்புறம் நான் எப்படிக்கா தலையில பூ வெப்பேன்? வேணாம்" என்றேன். சம்பந்தம் போயிற்று. நானும் ஷாப்புக்குப் போனேன். அக்கா தம் செருப்புக்கு லாடம் அடித்துக்கொண்டார். கேட்டால், "மேடையில இருக்கறவங்களுக்குக் காது கம்மி" என்பார்.

அக்கா காய்ச்சலில் கிடந்தபோது ஷாப்புப் பெண்கள் முறைபோட்டுக் கஞ்சி கொண்டுவந்தார்கள். உயிர் பிரிந்த அன்று நாட்டாண்மை ஆள் அனுப்பினார்: "தூக்க ஆளு வரணும்னா தங்கச்சியாவது சொமந்துட்டு வரட்டும்."

நான் போகவில்லை. ஆண்கள் ஒருவரும் வரவில்லை. கஞ்சி கொண்டுவந்த பெண்களில் நால்வர் பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். அந்த நால்வருக்கும் என் நன்றி. மேடையைக் கடக்கும்போது அவர்கள் காலில் செருப்பு இருந்தது என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.