எஞ்சின் போடக்கூடாத நேரம்

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். பத்தாவதோடு படிப்பு நின்றது. மளிகைச் சாமான் பட்டியல் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமும் இல்லை. நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூசுகிறவள் நாலு பக்கம் எழுத உட்கார்ந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சொல்லவேண்டிய நேரத்தில் வாயால் சொல்ல முடியாமல் போன ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

திருவனந்தபுரம் கரமனையில் தம்பி வீட்டில் இருக்கிறேன். தம்பிக்கும் அவன் மனைவிக்கும் கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை. பெண் குழந்தைக்கு ஆறு வயது, பையனுக்கு மூன்றரை. இரண்டு வருஷமாகத் தம்பிக்கும் அவளுக்கும் கடலுக்கடியில் போகும் பைத்தியம். கோவளத்திலிருந்து படகில் போய், முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு குதிப்பார்கள். எங்கள் தெருவில் கடலில் குளிப்பதற்கே நாள் பார்ப்பார்கள். இவர்கள் ஞாயிற்றுக்கிழமை என்றால் போதும் என்று போகிறார்கள்.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. தனியாக யாரும் இறங்கக்கூடாது. இரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும். அதனால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கீழே போவார்கள். குழந்தைகள் மேலே படகில். கூட நான்.

"நீ வெறுமனே உக்காந்தா போறும் அக்கா. காத்து வாங்கிண்டு வரலாம்" என்று தம்பி முதல் தடவை சொன்னான்.

எனக்கு நீந்தத் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. அதை யாரும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாததனாலேயே வரமாட்டேன் என்று சொல்ல நா எழவில்லை. அப்படியே ஏழெட்டுத் தடவை போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பையன் காரிலேயே தூங்கிவிட்டான். சீக்கிரம் எழுப்பிய அசதி என்று நினைத்தோம். அவனைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறினேன். கனமான லைஃப் ஜாக்கெட்டுக்குள் இருந்ததால் உடம்புச் சூடு கைக்குத் தெரியவில்லை. பாறைகளுக்குப் பக்கத்தில் படகுக்காரர் நங்கூரம் போட்டு எஞ்சினை நிறுத்தினார். ஜாக்கெட்டின் வாரைத் தளர்த்தி அவன் கழுத்தில் கை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போல் இருந்தது.

அவனுக்கு ஒன்றரை வயதில் ஜுரம் ஏறி வலிப்பு வந்திருக்கிறது. இனிமேல் ஜுரம் என்றால் உடனே மருந்து கொடுங்கள், ஏற விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருந்து கரையில் காருக்குள் இருந்தது.

நான் நிமிர்ந்தபோது தம்பியும் அவளும் படகின் விளிம்பில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். முகமூடி போட்டாகிவிட்டது. கூட இறங்கும் பயிற்சியாளர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். நான் வாயைத் திறந்தேன்.

கிளம்புகிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்தக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கூப்பிட்டுவிட்டால் அவர்கள் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆபீஸுக்கும் கடைக்கும் போகிறவர்களுக்கே அப்படி. இவர்கள் கடலுக்கடியில் போகிறவர்கள். நான் கூப்பிட்டு, அடியில் ஏதாவது ஆகிவிட்டால்? வாயை மூடிக்கொண்டேன். மூன்று பேரும் மல்லாக்க விழுந்தார்கள். தண்ணீர் தெறித்தது. பெண் கை தட்டினாள்.

மேலே வர ஐம்பது நிமிஷம் ஆகும்.

படகு நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. பெட்ரோல் வாசனை. தார்ப்பாயின் நிழல் என் மடியில் பாதிதான் விழுந்தது. படகுக்காரர் தன் மலையாளத் தமிழில் பேசிக்கொண்டே பெண்ணுக்குத் தண்ணீரில் எழும்பும் குமிழிகளைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாரு மோளே, அப்பா கீழ சோடாக் குப்பி திறக்குது."

"எங்கப்பா சோடா குடிக்க மாட்டா."

"அப்போ அம்மையா இருக்கும்."

அவள் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அத்தை, தம்பி ஏன் இப்படிச் செவந்திருக்கான்?"

"வெயில்" என்றேன்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. கால் மணி இருக்கலாம். அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன தடவை வலிப்பு வருவதற்கு முன்னால் கட்டை விரலை உள்ளே மடக்கிக்கொண்டான். இப்போதும் மடக்கியிருந்தான். தூக்கத்தில் குழந்தைகள் அப்படித்தான் மடக்குமோ என்னவோ. பிரித்துவிட்டேன். மறுபடியும் மடக்கினான்.

"கரைக்குப் போலாமா?" என்று கேட்டேன். படகுக்காரர் காதில் விழவில்லை. பெண்தான் உரக்கக் கத்தினாள். "மாமா, அத்தைக்குக் கரைக்குப் போணுமாம்! அத்தைக்குப் பயம்!"

அவர் சிரித்தார். "ஓக்கானம் வருதா சேச்சி? எலுமிச்சங்கா இருக்கு, மணத்துப் பாருங்க."

நான் பையனைக் காட்டினேன். அவர் வந்து நெற்றியைத் தொட்டார். சிரிப்பு போய்விட்டது.

"பொள்ளுதே! எப்போலேருந்து?"

"அவா எறங்கறதுக்கு முன்னாடியே."

"பின்ன அப்போ பறயாம என்ன செஞ்சீங்க?"

நான் கடலைப் பார்த்தேன்.

"இப்போ எஞ்சின் போடப் பற்றாது சேச்சி, போடவே கூடாது. கீழ ஆளு இருக்கும்போ போட்டா, அடியில சுத்துற ஃபேன் தலைய எடுத்துரும்."

"வேற படகு?"

"அதுவும் பக்கத்துல வரப் பற்றாது. அதுக்கும் ஃபேன்தானே?"

கரை தெரிந்தது. ஐஸ்கிரீம் வண்டியின் குடை தெரிந்தது. எங்கள் கார் நின்ற தென்னை மரம்கூடத் தெரிந்தது. ஆனால் போக முடியாது.

அவர் ஒரு பெரிய ஸ்பானரை எடுத்து, தண்ணீருக்குள் இறங்கியிருந்த இரும்பு ஏணியில் ஓங்கி அடித்தார். நிறுத்தி, மறுபடி அடித்தார். "இந்தச் சத்தம் அடியில கேக்கும். மேல வாங்கன்னு அர்த்தம்." நான் பையனின் ஜாக்கெட்டைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"கழட்டப்படாது! அம்மா சொல்லியிருக்கா! முங்கிப் போயிடுவான்!" பெண் அழத் தொடங்கினாள்.

அவள் சொன்னதும் சரி. கழற்றினால் கடல் பயம், கழற்றாவிட்டால் ஜுரம். படகுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கழட்டுங்க, நான் பிடிச்சிருக்கேன்" என்றார். அவன் சட்டையையும் கழற்றி, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் புடவைத் தலைப்பை நனைத்து உடம்பெல்லாம் துடைத்தேன்.

குமிழிகள் நகர்ந்து ஏணிப் பக்கம் வந்தன. வந்துவிட்டார்கள் என்று எழுந்தேன். ஆனால் குமிழிகள் ஒரே இடத்தில் நின்று கொப்பளித்தனவே தவிர யாரும் மேலே வரவில்லை.

"ஏன் நிக்கறா?"

"சடார்னு மேல வரக்கூடாது. கொஞ்சம் அடியில மூணு மினிட்டு நிக்கணும். இல்லாட்டி உடம்புக்குக் கேடு."

அந்த மூன்று நிமிஷம் நான் அவனைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் என் காலடியில் இருந்தார்கள். கூப்பிட்டாலும் கேட்காது. பையன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். பார்வை என்மேல் நிற்காமல் எங்கோ போயிற்று. கட்டை விரலை மறுபடி பிரித்தேன்.

முதலில் அவள்தான் மேலே வந்தாள். என் மடியைப் பார்த்ததும் ஏணியில் ஏறிய வேகத்தில் முழங்காலை இடித்துக்கொண்டாள். தம்பியும் பயிற்சியாளரும் ஏறியவுடன் படகுக்காரர் எஞ்சினை முடுக்கினார். கரை வரும்வரை ஒரே இரைச்சல். ஜுர மருந்தைக் கொடுத்து, காரில் ஏறிய பிறகுதான் தம்பி கேட்டான்.

"நாங்க எறங்கறதுக்கு முன்னாடியே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பின்னே?"

"கெளம்பறவாளைக் கூப்பிடப்படாதுன்னு..."

அவன் காரைக் கிளப்பினான். அவள்தான் சொன்னாள். "நாங்க என்ன, காசிக்கா போனோம் அக்கா? குட்டிக்கு வலிப்பு வந்திருந்தா..." மேலே சொல்லாமல் பையனை இறுக்கிக்கொண்டாள். அவள் தலைமுடியிலிருந்து உப்புத் தண்ணீர் அவன்மேல் சொட்டியது. அவள் கேட்டதில் தப்பு இல்லை.

சகுனத்தின்மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனசு ஒப்பவில்லை. எல்லோரும் தயாராகி நிற்கும்போது குரல் எழுப்பி நிறுத்துவது எனக்கு வராது. அன்றைக்கு அந்த வழக்கம் இல்லாவிட்டால் வேறு ஏதாவது ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பேன். முதல் தடவையே வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் குழந்தைக்குப் பக்கத்தில் வாய் உள்ள ஆள் யாராவது இருந்திருப்பார்கள்.

மறுநாள் ஜுரம் இறங்கியது. தொண்டையில் புண் என்று டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். வலிப்பு வரவில்லை. அடுத்த மாதத்துக்கு என்னையும் சேர்த்துப் படகு சொல்லியிருப்பதாகத் தம்பி மத்தியானம் ஆபீஸிலிருந்து போனில் சொன்னான். சரி என்றேன்.