அண்ணாவின் வெள்ளைக் கோட்

சாவகச்சேரியில் பிறந்து, மெல்பேண் நகரத்து மல்கிரேவ் வீட்டில் கண்மூடிய எங்கள் அண்ணாவைப் பற்றி நினைவு மலரில் எழுதும்படி அண்ணி என்னைக் கேட்டார். தங்கை என்ற உரிமையில் எழுதுகிறேன். புகழ்ந்து மட்டும் எழுத எனக்கு வராது. அது அண்ணாவுக்கும் தெரியும்.

அப்பா இளவயதிலேயே காலமானதால், அண்ணா படிப்பைப் பாதியில் விட்டுக் கொழும்பில் ஓர் ஆங்கிலேயக் கம்பெனியில் சேர்ந்தார். அவருடைய உழைப்பில்தான் நாங்கள் படித்து ஆளானோம். அங்கே வேலையோடு உடுப்பு முறைகளையும் கரைத்துக் குடித்துவிட்டார். கழுத்தில் கட்டும் ரையின் நுனி இடுப்புப் பட்டிக்குக் கீழே இறங்கக் கூடாது. கோட்டின் கடைசிப் பொத்தானைப் பூட்டக் கூடாது. கந்தோர் வேலைக்குக் காலில் மண்ணிறச் சப்பாத்து ஆகவே ஆகாது. நாங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அண்ணாவும் அண்ணியும் இங்கு வந்தார்கள். பிறகு என்னையும் கூப்பிட்டு எடுத்தார்கள். கோடையில் கந்தோர் ஆட்கள் அரைக்காற்சட்டையும் நீளக் காலுறையுமாக வேலைக்கு வருவதைக் கண்டு அண்ணா தலையில் கைவைத்தார். தன்னைப் பார்த்தாவது திருந்துவார்கள் என்று நம்பினார். நானும் அண்ணியும் சிரிப்போம்.

ஒரு மாரிகாலக் குளிரில் அண்ணாவின் இங்குள்ள கம்பெனியின் வருடாந்த விருந்துக்கு அழைப்பு வந்தது. மாலை உடையில் வரவேண்டும் என்று போட்டிருந்தது. கொழும்பின் வெக்கையில் அதற்கு வெள்ளைக் கோட்டுத்தான் முறை. இங்கும் அதுவே முறை என்று அண்ணா நினைத்துவிட்டார். உடுப்பு விஷயத்தில் அண்ணா இன்னொருவரைக் கேட்பதாவது! அண்ணி கோட்டை மினுக்கிக் கொடுத்தார். மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள் என்று நானும் சொல்லி அனுப்பினேன்.

மண்டபத்தில் விருந்தாளிகள் எல்லோரும் கறுப்புக் கோட். வெள்ளைக் கோட் போட்டவர்கள் பரிமாறுபவர்கள் மட்டும். வயதான சீமாட்டி ஒருவர் வெறும் கிளாசை அண்ணாவிடம் நீட்டி வைன் கொண்டுவரச் சொன்னார். அண்ணா தலைகுனிந்து வாங்கி, நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சாப்பிடாமலே வீட்டுக்கு வந்துவிட்டார். பெண்மணி ஒருவர் கேட்டால் மறுப்பது முறையல்ல என்று எங்களுக்கு விளக்கம் வேறு சொன்னார். மறுநாள் மேலதிகாரி மன்னிப்புக் கேட்டார். அண்ணாவுக்கு ஒருவர்மேலும் கோபமில்லை. தன்னைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

அதன்பிறகு ஒருவருடைய அழைப்பையும் அவர் ஏற்கவில்லை. போகாத இடத்து ஆட்களை எப்படி அழைப்பது என்று வீட்டுக்கும் ஒருவரையும் கூப்பிடவில்லை. என் கல்யாணத்தில் அப்பாவின் இடத்தில் நின்று தாரை வார்த்துத் தந்தவர், அன்று மாலை வரவேற்புக்கு வரவில்லை. மணவறைச் சேலையோடு போய்க் கெஞ்சினேன்.

"ஆர் என்ன உடுப்பில வருவினமெண்டு எனக்குத் தெரியேல்ல, பிள்ளை. நீ போய்ட்டு வா" என்றார்.

எவ்வளவு பெரிய மனிதர், இவ்வளவு சின்ன விஷயத்தில் ஒடுங்கிப்போனார் என்று நினைக்க எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

மாரடைப்பு அவரைக் கொண்டுபோன மறுநாள் அந்த மேலதிகாரி தொலைபேசியில் அழைத்தார். உங்கள் வீட்டுக்கு என்ன உடுத்துக்கொண்டு வருவது முறை என்று கேட்டார். அண்ணியிடம் சொன்னேன். அதுவரை அழாமல் இருந்தவர் உடைந்து அழுதார்.

"எந்த உடுப்பெண்டாலும் பரவாயில்லை. எல்லாரையும் வரச் சொல்லு."

வந்தார்கள். தன் ரையை அண்ணா தினமும் திருத்திவிடுவார் என்று கந்தோர் ஆள் ஒருவர் சொல்லிக் கண் கலங்கினார். அவர்களுக்கும், தேவாரம் பாடிய நண்பர்களுக்கும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிவரை சமைத்துத் தந்த அயலவர்களுக்கும் எங்கள் நன்றி. அன்று வந்தவர்களில் பலர் நின்றுகொண்டே இருந்தீர்கள், மன்னியுங்கள். வீட்டில் உட்காரக் கதிரைகள் போதவில்லை. அண்ணா இருந்த காலத்தில் அந்தக் குறை எங்களுக்கு வந்ததே இல்லை.