ரம்பப்பல் கோடு

என் தகரப் பெட்டியின் அடியில் ஒரு கட்டத்தாள் கிடக்கிறது. நாலாக மடித்தது, மடிப்புகளில் இற்றுப்போய்விட்டது. அதில் கறுப்புப் பென்சிலால் இழுத்த ஒரு கோடு ரம்பத்தின் பற்களைப் போல ஏறி இறங்கிப் போகிறது. அதன் நடுவே சிவப்புப் பென்சிலில் இன்னொரு கோடு, கரையிலிருந்து கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. இரண்டும் ஒரே கடலடியின் படம். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில் பாதையிலும் உப்பளத்திலும் ஊர் ஊராகவும் திரிந்த என்னிடம் தங்கிய பொருள்கள் குறைவு. இது தங்கிவிட்டது.

யுத்த காலம் அது. தூத்துக்குடியில் கப்பல்கள் கரைக்கு வருவதில்லை; சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள்தான் சரக்கைக் கொண்டுபோய்க் கொண்டுவரும். தோணிகள் அடிக்கடி தரைதட்டியதால், அவை போகும் வழியின் ஆழத்தை அளந்து படம் போட ஒரு சிறு ஆபீஸ் திறந்தார்கள். எனக்கு அங்கே கிடைத்த வேலை, கடலுக்குள் நீண்ட தோணிப் பாலத்து முனையில் நட்டிருந்த அளவுக் கம்பத்தின் அருகே உட்கார்ந்து, கால் மணிக்கு ஒருமுறை கடல் மட்டம் எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று புத்தகத்தில் எழுதுவது. வெயிலும் உப்புக் காற்றும் தவிர வேறு தொந்தரவு கிடையாது. ஆபீஸில் கொடுத்த அலாரம் கடிகாரம் இரவில் நின்றுவிடும். காலையில் மாதா கோயில் மணி அடித்ததும் ஆறு மணிக்குத் திருப்பி வைத்துக்கொள்வேன்.

அதே நேரத்தில் ஒரு வள்ளம் கடலில் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். அதன் முன்னால் நின்று ஈயக்குண்டு கட்டிய கயிற்றை வீசி ஆழத்தைக் கூவுகிறவர் மணப்பாட்டு அண்ணாச்சி. சங்கு குளித்துக் குளித்து இரண்டு காதும் உடைந்தவர். அதற்குமேல் மூழ்க முடியாமல் இந்த வேலைக்கு வந்தவர். அவர் கூவும் எண்ணையும், தன் கைக்கடிகாரத்தில் காணும் நேரத்தையும் வள்ளத்தில் கூட இருக்கும் ஓவர்சியர் தன் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். அவர் புத்தகமும் என் புத்தகமும் சாயங்காலம் போய்ச் சேருவது கம்ப்யூட்டரிடம். அன்று அது ஒரு மனிதர் பார்க்கும் உத்தியோகத்தின் பெயர். நாசரேத்திலிருந்து வந்தவர், ஐம்பதைத் தொட்டவர், எப்போதும் தூக்கம் போதாத முகம். அண்ணாச்சி சொன்ன ஆழத்திலிருந்து அந்த நேரத்துக் கடல் ஏற்றத்தைக் கழித்து, மிச்சத்தைக் கட்டத்தாளில் புள்ளியாக வைத்து, புள்ளிகளைச் சேர்ப்பது அவர் வேலை.

ஐந்தாம் நாள் முடிவில் புள்ளிகளைச் சேர்த்தபோது வந்ததுதான் இந்த ரம்பப்பல். ஒவ்வொரு பல்லும் ஒரு அடிக்கு மேல். சரக்கேற்றிய தோணிக்கு ஒரு அடி என்பது மிதப்பதற்கும் தட்டுவதற்கும் உள்ள வித்தியாசம். ஓவர்சியர் தாளைப் பார்த்தார், வேலையை நிறுத்தினார், அண்ணாச்சியைக் கூப்பிட்டார்.

"ஏலே, குண்டு தரையைத் தொட்டுதா இல்லையான்னே தெரியாம வாய்க்கு வந்ததைக் கத்துதியோ? செவிட்டுப் பயலைப் படகுல ஏத்துனது என் புத்திதான்."

"காதுதானய்யா போச்சு," என்றார் அண்ணாச்சி. "ஆழம் கையில லா தெரியுது."

"நாளைச் சாயங்காலத்துக்குள்ள இந்தக் கோடு சரியாகலைன்னா வேற ஆளு வாரான். நீ மணப்பாட்டுல போய் வலையைப் பிரிச்சுக்கிட்டு இரி."

வேலை போவது ஒரு பக்கம். ஆழத்தைப் பொய்யாகச் சொன்னவன் என்று கரையில் பேச்சு கிளம்பிவிட்டால், அப்புறம் எந்தத் தோணியிலும் அவரை ஏற்ற மாட்டார்கள். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலை கம்ப்யூட்டர் என்னையும் என் புத்தகத்தையும் ஆபீஸுக்கு வரச் சொன்னார். அண்ணாச்சி வாசல்படியில், வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் முதலில் தன் கழித்தல்களைச் சந்தேகப்பட்டார். மேலிருந்து கீழே போட்டதைக் கீழிருந்து மேலே போட்டார். சரியாக இருந்தது. புள்ளிகளை ஒவ்வொன்றாக நான் வாசிக்க, ஊசி முனையால் தொட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. அண்ணாச்சியின் கயிற்றைத் தண்ணீரில் நனைத்து வராந்தாவில் நீட்டி அளந்தோம். ஒரு அங்குலம்கூடச் சுருங்கவில்லை. பிறகு என் கம்பத்து அளவுகளைத் தனித்தாளில் போட்டார். அது அலைபோல வழுவழுப்பாக ஏறி இறங்கியது. எனக்குள் கொஞ்சம் கர்வம் எட்டிப் பார்த்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"உம்ம கம்பத்துல ஒரு குத்தமும் இல்லை, வே," என்றார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு ரம்பத்தையே வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணு கவனிச்சீரா? முற்பகல்ல எடுத்ததெல்லாம் ஆழம் குறைச்சல். பிற்பகல்ல எடுத்ததெல்லாம் கூடுதல். கடல் ஏறும்போது ஒரு பக்கம், வத்தும்போது மறுபக்கம். பொய் சொல்லுதவன் இவ்வளவு ஒழுங்காச் சொல்லமாட்டான்."

அதற்குமேல் அவருக்கும் ஓடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அப்போது கோயில் மணி அடித்தது. அண்ணாச்சிக்கு அது எப்படிக் கேட்டதோ, தெருவில் நின்றவர்கள் தலைப்பாகையை எடுத்ததைப் பார்த்தாரோ, படியிலிருந்து எழுந்து சிலுவை போட்டுக்கொண்டார். மத்தியான மணி. தினமும் கேட்கிற மணி. கம்ப்யூட்டர் மேசைமேல் கிடந்த தன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உம்ம புத்தகத்துல இப்ப எத்தனை மணி, வே?"

"பன்னிரண்டு, சார்."

அவர் கடிகாரத்தை என் பக்கம் திருப்பினார். ஒரு மணி.

யுத்தத்துக்காக சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருந்தது. ஆபீஸுக்கும் ரயிலுக்கும் புது நேரம். கடற்கரையில் சாப்பாடு, ஜெபம், படகு இறக்குவது எல்லாம் பழைய நேரம். இரண்டும் எனக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் கடலை அளந்தேன், கடலோரத்து நேரத்தில் எழுதினேன். ஓவர்சியர் ஆபீஸ் நேரத்தில் எழுதினார். எட்டு மணி ஆழத்திலிருந்து ஒன்பது மணிக் கடல் ஏற்றத்தைக் கழித்துக்கொண்டிருந்திருக்கிறோம். கடல் ஏறும்போது கூடுதலாகக் கழிந்தது, வற்றும்போது குறைவாக.

கம்ப்யூட்டர் சிவப்புப் பென்சிலைச் சீவினார். தாளுக்குத் தட்டுப்பாடு, அதே தாளிலேயே ஆரம்பித்தார். நான் வாசித்தேன், அவர் கழித்தார். ஐந்து நாள் எண்கள். நாலு மணிக்கு மேல் எனக்குத் தொண்டை கட்டியது. அவருக்கு விரல் மரத்துப்போய், உதறி உதறி எழுதினார். பற்கள் ஒவ்வொன்றாக மழுங்கின. கடைசியில் இந்தச் சரிவு நின்றது. அவர் தாளின் மூலையில் எழுதினார்: 'ஒரு மணி வித்தியாசம். கணித்தவர் பிழை.'

"சார், அது என் தப்பு," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"எந்த நேரம்னு கேக்காமக் கணக்குப் போட்டது நான்தான். உம்ம பேரைப் போட்டா நாளைக்கே அனுப்பிருவான். என்னை வையத்தான் செய்வான். வாசிச்சது போதும், போய்த் தண்ணி குடியும்."

ஓவர்சியர் வைதார். கம்ப்யூட்டர் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார். பிறகு ஓவர்சியர் வாசலுக்குப் போய், அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு ஏழு மணிக்கு வந்துரு," என்று உரக்கச் சொன்னார். வருத்தம் தெரிவிப்பது என்பது அந்தக் காலத்து ஆபீஸில் அவ்வளவுதான்.

அண்ணாச்சி வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "எந்த ஏழு மணிங்கய்யா?"

வராந்தாவில் நின்ற வள்ளத்து ஆள்கள் சிரித்துவிட்டார்கள். ஓவர்சியர் உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் அண்ணாச்சி ஊரிலிருந்து கருவாடு கொண்டுவந்தார், கம்ப்யூட்டருக்கு ஒரு பொட்டலம், எனக்கு ஒன்று. "நீயும் பகல் முச்சூடும் வாசிச்சியாம்லா. அந்த ஓவர்சியர் வாட்சைத் தூக்கிக் கடல்ல போடணும்லே," என்றார். தப்பு அந்த வாட்சில்தான் என்று அவர் புரிந்துகொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. கருவாட்டை வாங்கிக்கொண்டேன், நன்றாகவே இருந்தது. திருத்திய படத்தை வரைபடத் துணியில் நகலெடுத்து முடித்தபின் இந்தத் தாளை எனக்குத் தருவாரா என்று கம்ப்யூட்டரிடம் கேட்டேன். "எதுக்கு வே?" என்றார். "சும்மா," என்றேன். இரண்டு மாதத்தில் ஒரு தோணியில் கொழும்புக்குப் போய்விட்டேன்.

திரும்பி வர எத்தனையோ வருஷம் ஆயிற்று. கம்ப்யூட்டர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். மணப்பாட்டுக்குப் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்த் திரும்பிவிடலாம். அண்ணாச்சி உயிரோடிருந்த வரை நான் ஏறவில்லை. இப்போது தூத்துக்குடியிலேயே, மில்லர்புரத்தில் ஒரு அறையில் இருக்கிறேன். கப்பல்கள் கரைக்கே வந்து கட்டிக்கொள்கின்றன. கோயிலுக்கும் ஆபீஸுக்கும் ஒரே நேரம்.

நேற்றுப் பெட்டியைத் துடைக்கும்போது தாளை விரித்தேன். கறுப்புக் கோடு மங்கவில்லை. மூலையில் அவர் பென்சிலால் எழுதியதுதான் மங்கிக்கொண்டு வருகிறது. அதன் கீழே பேனாவால் எழுதினேன்: 'கம்பம் பார்த்தவன் பிழை.' வாசிக்க வேண்டிய இரண்டு பேரும் இல்லை. மை காயும்வரை தாளை விரித்தே வைத்திருந்துவிட்டு, பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தேன்.