சண்முகப்ரியா யாரிடம் சொன்னாள்

பல்லடத்துக்குப் பக்கத்தில், விசைத்தறிகள் நிறைந்த ஊரில் தையல் தைத்துப் பிழைப்பவள் அன்புக்கரசி. கர்ப்பிணிகளின் மனநிலையை வீடு தேடிப் போய் விசாரிக்க, உள்ளூர்ப் பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி கொடுத்தபோது முதலில் பேர் கொடுத்தவள் அவள்தான். தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா என்று வாரம் தவறாமல் கேட்டு நோட்டில் குறிப்பாள்.

ஏழு மாதக் கர்ப்பிணியான சண்முகப்ரியா எட்டு வாரமாக ஒரே பதிலைத்தான் சொன்னாள். "நல்லா இருக்கறனுங்கக்கா."

அன்புக்கரசிக்குக் காய்ச்சல் வந்த வாரம், புதிதாகச் சேர்ந்த ஃபஹீமா அவளுக்குப் பதிலாகப் போனாள். அன்றைக்கே சண்முகப்ரியா ஒரு மணி நேரம் அழுது தீர்த்தாளாம். மறுநாள் நர்ஸ் கீதா அவளை மனநல டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

சுகாதார நிலையக் கூட்டத்தில் கீதா ஃபஹீமாவைப் பாராட்டியபோது அன்புக்கரசியும் கை தட்டினாள். வீட்டுக்கு வந்ததும் சோறு இறங்கவில்லை. நேற்று வந்தவளிடம் கொட்டியதைத் தன்னிடம் ஏன் சொல்லவில்லை?

"என்னதான் சொன்னா அந்தப் புள்ள?" என்று ஃபஹீமாவிடமே கேட்டாள்.

"அதை வெளிய சொல்லக்கூடாதுன்னு நீங்கதானுங்கக்கா சொல்லிக் குடுத்தீங்க."

பொறுக்காமல் சண்முகப்ரியாவிடமே போனாள். "ஏங்கண்ணு, எட்டு வாரமா நான் வரலியா? எங்கிட்டச் சொன்னா ஆகாதா?"

சண்முகப்ரியா வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "நீங்க எங்க அத்தைக்கு ஜாக்கெட் தைக்கறீங்க. எங்கிட்டக் கேட்டுப்போட்டு, அவீங்ககூட அரை மணி நேரம் பேசிட்டுத்தான் போவீங்க. அவீங்களப் பத்தி உங்ககிட்ட எப்படிங்கக்கா சொல்றது?"

அன்புக்கரசிக்கு முகம் சுண்டிப்போனது. அந்த வீட்டுக்குப் போகும் வேலையை ஃபஹீமாவுக்கே கொடுத்துவிடச் சொல்லிக் கீதாவிடம் கேட்டாள்.

ஆனால் வியாழக்கிழமைதோறும் ஃபஹீமாவுடன் அவளும் போனாள். மாமியார் மாரியாத்தாளை முன்னறையில் நிறுத்தி ஜாக்கெட்டுக்கு அளவெடுத்தாள். அந்தம்மா உள்ளே போகப் பார்க்கும்போதெல்லாம், "கொஞ்சம் நில்லுங்கம்மா, தோள் அளவு சரியா வரலீங்க" என்றாள். முதல் வாரங்களில் உள்ளிருந்து விசும்பல் கேட்டது. ஐந்தாம் வாரம் இருவரும் சிரிக்கும் சத்தம் வந்தது. அன்புக்கரசிக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வயிறும் எரிந்தது.

பெண் குழந்தை பிறந்த சேதியைச் சண்முகப்ரியா முதலில் ஃபஹீமாவுக்குத்தான் போனில் சொன்னாள். அன்புக்கரசி இரண்டு நாள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் போனாள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த சண்முகப்ரியா, "உக்காருங்கக்கா" என்று கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள்.

ஃபஹீமா வந்தாளா என்று மட்டும் கேட்கக்கூடாது என வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள், உட்கார்ந்ததும் அதைத்தான் கேட்டாள்.