எஸ்தர் எடுக்க மறுத்த பக்கம்

போன வியாழக்கிழமை விழுப்புரத்தில் ஒரு மாணவி என்னைப் பத்து நிமிடம் வாயடைத்து உட்கார வைத்துவிட்டாள். அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்.

நான் பிழைப்புக்குக் கல்லூரியில் சமூகவியல் பாடம் எடுப்பவள். வருடத்துக்கு ஒருமுறை வேறு கல்லூரிகளுக்கு ‘எக்ஸ்டர்னல்’, அதாவது வெளித் தேர்வாளராகப் போவேன். எம்.ஏ. கடைசி வருடப் பிள்ளைகள் ஆளுக்கொரு ஆய்வு செய்து, நூறு பக்கம் எழுதி, பைண்டு பண்ணிக்கொண்டு வந்து நிற்பார்கள். நான் புரட்டிப் பார்த்து, நாலு கேள்வி கேட்டு, கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு வைவா என்று பெயர். வடையும் காபியும் உண்டு.

இந்த ஆய்வுகளைப் பற்றி ஒரு ரகசியம் சொல்லவா?

கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய், அறுபது பேரைப் பார்த்துப் பதில் வாங்க வேண்டும் என்பது ரூல். வெயிலில் யார் போவது? ஹாஸ்டல் ரூமில் ஃபேனைப் போட்டுக்கொண்டு, நாலு கலர் பேனாவோடு உட்கார்ந்து தாங்களே நிரப்பிவிடுவார்கள். கையெழுத்து மாற வேண்டும் என்றால் இடது கை இருக்கிறது. கைநாட்டு வேண்டும் என்றால் பக்கத்து ரூம் பெண்ணின் கட்டைவிரல் இருக்கிறது. தாள் ஊரைச் சுற்றி வந்த மாதிரி தெரிய வேண்டாமா? கசக்கி நீவுவார்கள், ஓரத்தில் டீ சிந்துவார்கள், மண்ணைத் தடவுவார்கள். கரிசல் நிலத்து விவசாயிகளைப் பற்றிய ஆய்வுக்குச் செம்மண்ணைப் பூசிக்கொண்டு வந்த மேதை ஒருவனையும் பார்த்திருக்கிறேன்!

எங்களுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். கண்டுகொள்ள மாட்டோம். அவர்களுக்கு டிகிரி, எங்களுக்கு வடை... ஊர் உலகம் இப்படித்தான் ஓடுகிறது.

வியாழக்கிழமை ஏழாவதாக வந்தவள் எஸ்தர். ஒல்லியான பெண். திண்டிவனத்துக்கு அந்தப் புறம், வல்லம் பக்கத்துக் கிராமம். அப்பா இல்லை. அம்மா கழனி வேலைக்குப் போகிறவர். குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். ஆய்வுத் தலைப்பு — விவசாயக் கூலிப் பெண்களின் ஓய்வு நேரம்.

அவள் உள்ளே வருவதற்கு முன்பே துறைத்தலைவர் என் பக்கம் சாய்ந்தார். நல்ல மனிதர், பிள்ளைகள் மேல் பாசம் உள்ளவர்.

“மேடம், இந்தப் பொண்ணுதான் பேஜாரு. கடைசியில ஒரு பக்கம் சேர்த்துருக்குது. அத எடுத்துடும்மா, பாஸ் போட்டு அனுப்பிடலாம்னு பத்து தடவ சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்குது. இதுக்கு ஒரு தொண்டு நிறுவனத்துல வேல ரெடியா இருக்குது. அடுத்த மாசம் மார்க் ஷீட் காட்டணும். இன்னிக்கி நீங்க நிறுத்திட்டா ஒரு வருஷம் போச்சி, வேலையும் போச்சி.”

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பின்னிணைப்பு நான்கு. தலைப்பு, ‘நான் செய்த தவறு.’

‘இந்த ஆய்வுக்காக நாற்பத்தொரு பெண்களை நேரில் சந்தித்தேன். மீதிப் பத்தொன்பது கேள்வித்தாள்களை விடுதி அறையில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். அவற்றைப் பிறகு கிழித்துவிட்டேன். மறுபடி ஊருக்குப் போய் ஏழு பேரிடம் மட்டுமே பேச முடிந்தது. ஆகவே இதில் இருப்பது அறுபது அல்ல, நாற்பத்தெட்டு.’

இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பக்கத்தை நான் படித்ததே இல்லை. எவனாவது எழுதினால்தானே!

எஸ்தர் வந்து நின்றாள். நான்தான் முதலில் கேட்டேன்.

“ஏம்மா கிழிச்ச? அப்படியே குடுத்திருந்தா யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்கே மொதல்ல அது தப்புன்னு தெரியாமத்தான் மேடம் இருந்துச்சி” என்றாள். “பத்தொம்பதாவது தாளு எழுதிக்கினு இருந்தேன். போடறதுக்குப் பேரு கெடைக்கல. எங்க அம்மா பேரையே போட்டுட்டேன். ஓய்வு நேரத்துல என்னா செய்வீங்கன்னு ஒரு கேள்வி. டிவி, சர்ச்சு இல்ல கோயிலு, அக்கம்பக்கம் பேசறது, தூங்கறது... நாலு கட்டம். எங்க அம்மாவுக்கு டிவின்னு டிக் போட்டேன். போட்டப்புறம்தான் நெனப்பு வந்துச்சி, எங்க வூட்டு டிவி போன மழையிலயே கெட்டுப்போச்சி.”

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, எஸ்தரின் வழிகாட்டிப் பேராசிரியை லேசாகச் சிரித்தார். எஸ்தர் சிரிக்கவில்லை.

“இருபத்திமூணு வருஷமா கூட இருக்கற எங்க அம்மாவப் பத்தியே தப்பா எழுதறேன். மத்த பதினெட்டு பேரப் பத்தி எனக்கு என்னா தெரியும் மேடம்? ஒடனே அம்மாவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“‘இருடி, யோசிச்சி சொல்றேன்’னு வச்சிட்டாங்க. மறுநாளு கேட்டேன், இன்னும் யோசிக்கறேன்னாங்க. மூணு நாளு ஆச்சி மேடம்.”

மூன்று நாள்! நமக்கெல்லாம் இந்தக் கேள்விக்கு மூன்று விநாடி போதும். புத்தகம், இசை, நடைப்பயிற்சி என்று அவிழ்த்துவிடுவோம். பாதி பொய்.

நாலாவது நாள் அம்மாவே கூப்பிட்டாராம். அவர் சொன்னதை எஸ்தர் அப்படியே சொன்னாள்.

“‘மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம உன்னப் பாக்க வர்றேன் பாரு... திண்டிவனத்துல பஸ் ஏறி, ஜன்னலாண்ட ஒக்காந்தேன்னா, விழுப்புரம் வர்ற வரிக்கும் என்ன யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. மயிலம் மலையப் பாத்துக்கினே வருவேன். அதான்டி எனக்கு ஓய்வு. வேற எதுவும் ஞாபகம் வரல.’”

எஸ்தர் தொடர்ந்தாள்.

“அவங்க வேவிச்ச மல்லாட்டைய, அதான் வேர்க்கடலைய, டிபன் பாக்ஸ்ல போட்டுக்கினு ஹாஸ்டல் கேட்டாண்ட வந்து நிப்பாங்க மேடம். எனக்கு ஒரு மாதிரியா இருக்கும். கூடப் படிக்கறவங்க பாக்கறாங்களேன்னு... எதுக்கும்மா அலையற, ஃபோன்லயே பேசிக்கலாம்னு திட்டுவேன். எக்ஸாம் இருக்குது வராதன்னு பொய் சொல்லி மூணு தடவ நிறுத்தியும் இருக்கறேன். எங்க அம்மாவோட ஓய்வ நான்தான் புடுங்கிட்டேன். டிவி பாக்கறாங்கன்னு எழுதியும் வச்சிட்டேன்.”

என் காபியில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

அன்று ராத்திரியே பத்தொன்பது தாள்களையும் கிழித்துவிட்டாளாம். கேள்வித்தாளில் இருந்த நாலு கட்டத்தையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டு, மறுபடியும் கிராமத்துக்குப் போனாள். கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஒவ்வொருவருக்கும் யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. களை எடுக்கும்போது கேட்டால் சாயந்திரம் வா என்றார்கள். சாயந்திரம் போனால் நாளைக்கு என்றார்கள். சமர்ப்பிக்கும் தேதி வருவதற்குள் ஏழு பேர்தான் தேறினார்கள்.

அந்த ஏழு பதில்களையும் அங்கேயே படித்தேன். வைவாவில் ஆய்வை உண்மையிலேயே படிக்கும் எக்ஸ்டர்னலைப் பார்த்துத் துறைத்தலைவர் திகைத்திருக்க வேண்டும். ஒரு பெண் சொல்கிறார்: ‘கேப்பைக் களி கிண்டி எறக்கி வச்சிட்டு, அது ஆறுற வரிக்கும் சும்மா ஒக்காந்திருப்பேன். அந்நேரம் என்னுது.’ இன்னொருவர் எஸ்தரையே திருப்பிக் கேட்டிருக்கிறார்: ‘ஓய்வுன்னா வேல இல்லாத நாளா? அன்னிக்கி பயமா இல்ல இருக்கும்?’

ஓய்வு என்ற சொல்லை வைத்து நான் முப்பது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். போர்டில் எழுதி, கோடு போட்டு, வகை பிரித்து... அந்தச் சொல்லுக்குள் பயம் இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. உடம்பு சிலிர்த்துவிட்டது. சும்மா எழுத்துக்காகச் சொல்லவில்லை, கையில் மயிர் எழுந்து நின்றது.

இருந்தாலும் வந்த வேலையைச் செய்ய வேண்டுமே. கேட்டேன்.

“சரிம்மா, கிழிச்சது சரி. நாப்பத்தெட்டு பேர்னு மட்டும் எழுதிட்டுப் போயிருக்கலாமே. இந்தத் தப்பு பண்ணேன்னு ஒரு பக்கம் எழுதி எதுக்கு மாட்டிக்கிற? இப்பக்கூட எடுத்துடலாம். ஒரு தாள்தானே... நானே கிழிச்சித் தர்றேன்.”

அவள் பைண்டு பண்ணிய புத்தகத்தின் மேல் கையை வைத்தாள். நான் கிழித்துவிடுவேனோ என்று பயந்த மாதிரி இருந்தது.

“வேணாம் மேடம். அந்த பத்தொம்பதுலதான் நான் கத்துக்கினேன். அத மறைச்சிட்டா, மீதி நாப்பத்தெட்டும் நானே நிரப்பின மாதிரிதான். நம்பரு கொறஞ்சதுக்கு மார்க்கு கொறைச்சிக்குங்க... பரவாயில்ல. அடுத்த வருஷம் எழுதச் சொன்னாலும் எழுதறேன்.”

அடுத்த வருடம் என்றால் அந்த வேலை போய்விடும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நாங்கள் மூவரும் பேசினோம். ரூல் அறுபதாச்சே என்றார் துறைத்தலைவர். அறுபது என்றுதான் ரூல் இருக்கிறது, அந்த அறுபதையும் நிரப்பியது யார் என்று கேட்க ரூலில் இடமே இல்லையே என்றேன். அவர் மோவாயைத் தடவினார். அன்று காலையில் நாங்கள் பாஸ் போட்ட ஆறு பேரின் ஆய்வுகளும் மேஜை ஓரத்தில் டீக்கறையோடு அடுக்கியிருந்தன. அவரும் அதைப் பார்த்தார்.

“நீங்க ரிப்போர்ட்ல எழுதிக் குடுத்துட்டா எனக்கு ஒண்ணும் இல்ல மேடம்” என்றார் கடைசியில்.

எண்ணிக்கைக்காகக் கொஞ்சம் மார்க்கைக் குறைத்தோம். மற்றபடி எழுதினேன்: ‘தேர்ச்சி. மிகச் சிறந்த ஆய்வு. பின்னிணைப்பு நான்கு எக்காரணம் கொண்டும் நீக்கப்படக் கூடாது.’

எழுதும்போது என் கை நின்றது. காரணம் இருக்கிறது.

நானும் ஒரு காலத்தில் பிஎச்.டி.க்காக ஆய்வு செய்தேன். பீடித் தொழில் செய்யும் பெண்களைப் பற்றி. இருநூறு கேள்வித்தாள். அதில் ஐம்பதுக்கு மேல் என் அண்ணன் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து நானே நிரப்பியவை. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அவசரம். இடது கையால் நன்றாகவே எழுதுவேன். அந்த ஐம்பது பெண்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்குக்கூட இதைச் சொன்னதில்லை. இருபத்திமூன்று வயதுப் பெண் வேலையைப் பணயம் வைத்துச் சொன்னதை, இழக்க ஒன்றுமே இல்லாத இந்த வயதில்தான் நான் சொல்கிறேன்... அதுவும் உங்களிடம்.

ரிப்போர்ட்டின் அடியில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். துறைத்தலைவர் வாங்கிப் பார்த்தார்.

“மேடம், பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட மறந்துட்டீங்க.”

மறக்கவில்லை.