பாவு கட்டும் முளையும் தொங்குபாலமும்

1958 பிப்ரவரி 12, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து குளித்து, காபி குடித்தேன். மறுநாள் பள்ளிக் கண்காட்சி. கடலோரத் தொங்குபாலம் ஒன்றின் மாதிரியை, புத்தகப் படத்தைப் பார்த்து நானே செய்திருந்தேன். பாலம் நிற்கும் என்று மாணவர்களுக்கு வாக்கும் கொடுத்திருந்தேன். ஆனால் கோபுர உச்சிகளில் கட்டிய கயிற்றில் நடைபலகையை மாட்டியதும் இரு கோபுரங்களும் உள்பக்கம் சாய்ந்தன.

அதைக் கையில் ஏந்திப் பள்ளிக்குப் போனபோது, சின்னாளபட்டித் தெருவை அடைத்துத் தறிக்கான பாவு நூலை நீட்டியிருந்தார்கள்.

"வழி விடக் கூடாதா?" என்று எரிந்து விழுந்தேன்.

நூலை நீவிக்கொண்டிருந்த நெசவாளப் பெண் நிமிர்ந்தார். "செத்த நேரம் பொறுங்க வாத்தியாரய்யா. கையில என்ன, ஊஞ்சலா?"

"பாலந்தாம்மா. நிக்க மாட்டேங்குது. ஏன்னு எனக்குத் தெரியல."

அவர் உற்றுப் பார்த்துச் சிரித்தார். "கயித்தைக் கம்பு உச்சியோட கட்டிப்புட்டீங்களே! எங்க பாவு கவட்டைக் கம்பு மேல சும்மா கெடக்கு. இழுத்துப் பிடிக்கிறது ரெண்டு கோடியிலயும் அடிச்ச முளைதான்."

படத்தில் இரு கரைகளிலும் கயிறு போய் இறங்கிய கல்மேடைகளை அலங்காரம் என்று நினைத்து நான் விட்டுவிட்டிருந்தேன். மாலையில் கயிற்றைக் கோபுரங்களின் மேலாக நீட்டி, இருபுறமும் முளையில் கட்டினேன். பாலம் நிமிர்ந்து நின்றது. தெரியாது என்று ஒருவரிடம் ஒப்புக்கொள்வதில் இத்தனை நிம்மதி இருக்கும் என்று அதுவரை நான் அறியவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக அவர் வீட்டுக்குப் போய், என் மாணவர்களுக்கு அதை விளக்க வரும்படி கேட்டேன்.